சாலைக் கணக்கில் நம் கடை எங்கே?



சில மாதங்களுக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவர் மண்டிக்கு வந்திருந்தார். மளிகைக் கடைக்காரர். தகப்பனார் காலத்துக் கடை. சரக்கு எடுத்து முடித்து, சிட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணாச்சி, அதே இடம், அதே சரக்கு, அதே விலைதான். எடையில ஒரு கிராம் குறைச்சதில்ல. ஆனா வாடிக்கை மட்டும் வருசா வருசம் குறையுது. என்ன காரணம்னே புரியல."

"உங்க மேல தப்பு இல்ல தம்பி. கடை நின்ன இடத்துல நிக்குது, ஊர் நகர்ந்துபோச்சு" என்று சொன்னோம். சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை அல்ல அது. ஒரு ஊரில் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் ஆபீஸ், எந்த இடத்தில் சந்தை என்பது மாறினால் மக்கள் எங்கிருந்து எங்கே போவார்கள் என்பதும் மாறும். எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அரசாங்கம் மேம்பாலம் கட்டுவதும், பஸ் நிலையத்தை மாற்றுவதும், மெட்ரோ ரயில் பாதை போடுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். நம் பிழைப்பைத் தொடும் கணக்கு இது. ஆனால் நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்களுக்கும் நெடுநாள் தெரியாது. தெரிந்துகொண்ட வரையில் இங்கே எழுதுகிறோம்.

கொத்தவால் சாவடி சொன்ன பாடம்

1996-ஆம் ஆண்டு கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜார்ஜ் டவுனின் சந்துகளில் லாரி நுழைய முடியாமல், நுழைந்தால் திரும்ப முடியாமல் நாம் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கோயம்பேட்டிலோ 295 ஏக்கர் வளாகம், அகலமான சாலை, லாரி நிற்க இடம். ஆனாலும் போகத் தயங்கியவர்கள் நிறைய. "அத்துவானக் காட்டுக்கு யார் வருவா?" என்பதுதான் அப்போதைய பேச்சு.

எங்களுடையது வெங்காயம், உருளைக்கிழங்கு மண்டி. நாங்கள் அன்று போட்ட கணக்கு மிக எளிது. சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே வாடிக்கை வந்துதான் ஆக வேண்டும், சுமார் பத்து கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தோம். ஒரு வருடம் கழித்துப் பேரேட்டைப் பழைய பேரேட்டோடு வைத்துப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து சைக்கிளிலும் டிரை சைக்கிளிலும் வந்து நாலு மூட்டை எடுத்துப்போன சின்ன வாடிக்கைகள் பலருடைய கணக்கு அப்படியே நின்றுபோயிருந்தது. டிரை சைக்கிளை அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. வண்டி வாடகை கொடுத்தால் கட்டுப்படி ஆகாது. அதற்குப் பதிலாக அம்பத்தூர், போரூர், வளசரவாக்கம், பூந்தமல்லி என்று புதுப் பெயர்கள் பேரேட்டில் ஏறியிருந்தன.

மண்டியும் முதலாளியும் மாறவில்லை. விலையிலும் வித்தியாசம் இல்லை. இடம் மட்டும் மாறியது. வாடிக்கையில் பெரும்பகுதி மாறிவிட்டது. வியாபாரத்தில் வருவது வளர்ச்சியோ சரிவோ, எல்லாம் நம் சாமர்த்தியத்தால் அல்லது சாமர்த்தியக் குறைவால் வருகிறது என்று அதுவரை நினைத்திருந்தோம். அந்தப் பேரேடு வேறு பாடம் சொன்னது.

கடைக்காரர் கணக்கிலிருந்து பிறந்த சூத்திரம்

இந்தக் கணக்கின் ஆரம்ப வேர்களில் ஒன்று நம் சில்லறை வியாபாரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ரெய்லி என்பவர் 1931-இல் ஒரு விதியை வெளியிட்டார். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சாமான் வாங்க எந்த ஊருக்குப் போவார்கள்? ரெய்லி சொன்னது: ஊர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு இழுக்கும், ஆனால் தூரம் அந்த இழுப்பைக் குறைக்கும், அதுவும் தூரத்தின் வர்க்கப்படி குறைக்கும். அதாவது தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் ஈர்ப்பு விதி போலத்தான்.

ஒரு உதாரணம். நாலு லட்சம் மக்கள் உள்ள ஊர் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு லட்சம் மக்கள் உள்ள ஊர் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. பெரிய ஊர் நாலு மடங்கு பெரிது, ஆனால் இரண்டு மடங்கு தூரம். இரண்டின் இழுப்பும் சமம். சிற்றூர் வியாபாரம் சரி பாதியாகப் பிரியும்.

பிறகு 1950-களில் அமெரிக்காவில் கார் பெருகி, எந்தச் சாலையை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. அப்போது மிட்செல், ராப்கின் என்ற இருவர் 1954-இல் எழுதிய புத்தகம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னது. போக்குவரத்து தானாக வருவதில்லை, நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதிலிருந்து பிறக்கிறது என்பதுதான் அது. 1953-இல் டெட்ராய்ட் நகரிலும் 1955-இல் சிகாகோ நகரிலும் தொடங்கிய பெரிய ஆய்வுகள் இந்த எண்ணத்தைக் கணக்காக்கின. இரண்டையும் நடத்தியவர் டக்ளஸ் கரோல் என்பவர். வீடு வீடாகப் போய், நேற்று எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்டு எழுதி, அன்றைய கணக்கு இயந்திரங்களில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் நகரங்களில் போடும் சாலைக் கணக்குகளுக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

நாலு படிக் கணக்கு

அந்தக் கணக்குக்கு நாலு படிகள். ஒவ்வொன்றும் நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

முதல் படி, எத்தனை பயணம் கிளம்பும் என்பது. நகரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை குடும்பம், எத்தனை வண்டி, எத்தனை பேருக்கு வேலை, எத்தனை சதுர அடி கடை என்று எழுதிக்கொள்கிறார்கள். வீடுகளிலிருந்து பயணம் புறப்படுகிறது. பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை, ஆஸ்பத்திரி ஆகியவை அதை இழுக்கின்றன. நாம் ஒரு புது இடத்தில் கடை போடுமுன் அந்தத் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்ப்பது போல.

இரண்டாம் படி, கிளம்பிய பயணம் எங்கே போய்ச் சேரும் என்பது. இங்கேதான் ரெய்லி விதி போன்ற ஈர்ப்புக் கணக்கு வருகிறது. பெரிய இடம் அதிகம் இழுக்கும், தூரமான இடம் குறைவாக இழுக்கும். இங்கே தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் அல்ல. போக ஆகும் நேரமும் செலவும் சேர்ந்ததுதான் தூரம்.

மூன்றாம் படி, எதில் போவார்கள் என்பது. நடையா, சைக்கிளா, பஸ்ஸா, ரயிலா, சொந்த வண்டியா? காசு, நேரம், வசதி மூன்றையும் எடைபோட்டுப் பிரிக்கிறார்கள்.

நாலாம் படி, எந்தச் சாலை வழியாகப் போவார்கள் என்பது. எல்லாரும் ஒரே குறுக்கு வழியில் நுழைந்தால் அது அடைத்துக்கொள்ளும். பிறகு சிலர் சுற்றுவழி போவார்கள். இப்படி ஒரு நிலைக்கு வரும்வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது.

முதலில் இன்றைய நிலவரத்தைக் கணக்கில் கொண்டுவந்து, சாலையில் நின்று எண்ணிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். ஐந்தொகை எடுக்கும்போது கல்லாவில் உள்ள ரொக்கத்தோடு ஏட்டை ஒத்துப் பார்ப்பது போலத்தான். ஒத்து வந்த பிறகு, இருபது வருடம் கழித்து இந்தப் பகுதியில் இத்தனை வீடு வந்தால், அந்தப் பகுதியில் ஒரு பஸ் நிலையம் வந்தால் என்ன ஆகும் என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். காகிதத்தில் ஊரை நடத்திப் பார்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

இரண்டு கடை, நூறு குடும்பம்

இந்தக் கணக்கு நம் தலையில் எப்படி விடிகிறது என்று ஒரு கடைக் கணக்கில் பார்ப்போம். 1960-களில் டேவிட் ஹஃப் என்பவர் ரெய்லியின் விதியைத் தனித்தனிக் கடைகளுக்குப் பொருத்தினார். கடையின் பரப்பை, போக ஆகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதன் இழுப்பு. இரண்டு கடைகளின் இழுப்பையும் ஒப்பிட்டால் வாடிக்கையின் பங்கு. வர்க்கம்தான் என்று எல்லா ஊருக்கும் ஒரே விதி இல்லை. அந்தந்த ஊரில் சரிபார்த்துத்தான் எடுக்க வேண்டும். கணக்கு புரிவதற்காக வர்க்கத்தையே வைத்துக்கொள்வோம்.

ஒரு தெருவில் நூறு குடும்பம். நம் கடை 200 சதுர அடி, 5 நிமிட நடை. பெரிய ஸ்டோர் 5,000 சதுர அடி, 25 நிமிடம். நம் இழுப்பு: 200-ஐ 25-ஆல் வகுத்தால் 8. அவர்கள் இழுப்பு: 5,000-ஐ 625-ஆல் வகுத்தால் அதுவும் 8. ஆளுக்கு ஐம்பது குடும்பம். இருபத்தைந்து மடங்கு பெரிய கடைக்கு நாம் ஈடுகொடுத்து நிற்பது பக்கத்தில் இருப்பதால்தான்.

இப்போது ஒரு மேம்பாலம் வருகிறது. பெரிய ஸ்டோருக்குப் போகும் நேரம் 25 நிமிடத்திலிருந்து 20 ஆகிறது. அவர்கள் இழுப்பு 12.5. நம் பங்கு நூற்றுக்கு 39. நாம் ஒரு தவறும் செய்யவில்லை, பதினோரு குடும்பம் போயிற்று.

இன்னொன்று. மேம்பாலம் வரவில்லை. நம் கடை முன்னால் சாலை நடுவே தடுப்புச் சுவர் வைத்துவிட்டார்கள். எதிர்ச்சாரியில் உள்ளவர்கள் சுற்றி வர வேண்டும். 5 நிமிட நடை 7 நிமிடம் ஆகிறது. இரண்டே நிமிடம். 200-ஐ 49-ஆல் வகுத்தால் 4.08. நம் பங்கு நூற்றுக்கு 34. ஐம்பது குடும்பத்தில் பதினாறு குடும்பம் போய்விட்டது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வியாபாரம்!

மேம்பாலத்தை எதிர்த்துக் கூட்டம் போடுகிறோம். தடுப்புச் சுவர் வைக்கும்போது சும்மா இருந்துவிடுகிறோம். நடந்து வரும் வாடிக்கையை நம்பிய கடைக்கு இரண்டாவதுதான் பெரிய அடி என்று இந்தச் சின்னக் கணக்கு காட்டுகிறது.

முதலில் சொன்ன மளிகைக் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், அவர் கடை முன்னாலும் சில வருடங்களுக்கு முன் அப்படித் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று.

சாலை ஊரை இழுக்கும், ஊர் சாலையை நிரப்பும்

இதுவரை ஊர் மாறினால் பயணம் மாறும் என்று பார்த்தோம். மறுபக்கமும் உண்டு. பயணம் எளிதானால் ஊரும் மாறும். வால்டர் ஹேன்சன் என்பவர் 1959-இல் வாஷிங்டன் நகரக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். எந்த இடத்திலிருந்து வேலைக்கும் கடைக்கும் எளிதில் போக முடிகிறதோ அந்த இடத்தில் வீடுகள் வேகமாக வளரும் என்றார்.

1964-இல் ஐரா லோரி என்பவர் பிட்ஸ்பர்க் நகருக்குப் போட்ட மாதிரிக் கணக்கு நம்மவர்களுக்கு உடனே புரியும். முதலில் தொழிற்சாலை போன்ற மூல வேலைகள் எங்கே என்று குறித்தார். அதில் வேலை செய்பவர்கள் போகவர வசதியான தூரத்தில் குடியேறுவார்கள். குடியேறியவர்களைத் தேடி மளிகை, துணி, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லாம் வரும். அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் குடியிருக்க இடம் வேண்டும். அவர்களுக்கும் கடை வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி, கூடுதல் மிகச் சிறிதாகும்வரை கணக்கைப் போட்டார். ஒரு மில் வந்தால் ஒரு பஜார் வரும் என்று நம் பெரியவர்கள் சொல்வதைத்தான் அவர் எண்ணில் எழுதினார்.

சென்னையில் இதற்குச் சாட்சி பழைய மகாபலிபுரம் சாலை. 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதைத் தொடர்ந்து பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்தன. வேலை வந்த பிறகு வீடு, வீட்டுக்குப் பின்னால் கடை. லோரி போட்ட வரிசைதான்.

கோயம்பேடும் அப்படியே. 1996-இல் மார்க்கெட். 2002-இல் வெளியூர் பஸ் நிலையம். 2015-இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ ரயில். ஒன்று வந்ததால் இன்னொன்று வந்தது. லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, பார்சல் ஆபீஸ் எல்லாம் பெருகி, "அத்துவானக் காடு" என்ற இடத்தில் வாடகை கேட்டால் தலை சுற்றும் நிலை வந்தது. பிறகு 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து, தென் மாவட்ட பஸ்கள் அங்கே போயின. கோயம்பேட்டில் பயணிகளை நம்பிக் கடை வைத்தவர்கள் 1996-இல் கொத்தவால் சாவடியில் நாம் கேட்ட கேள்வியையே இப்போது கேட்கிறார்கள்.

அகலமான சாலை போட்டால் நெரிசல் தீரும் என்பதும் எப்போதும் சரி அல்ல. லண்டனைச் சுற்றி சுமார் 188 கிலோமீட்டர் நீளத்துக்கு எம்-25 என்ற வட்டச் சாலையை 1986-இல் முழுமையாகத் திறந்தார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அது நிரம்பியது. சாலை வந்ததாலேயே புதிதாகப் பயணம் பிறக்கும் என்பதை 1994-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஆலோசனைக் குழு ஒன்றும் ஒப்புக்கொண்டது. கணக்குப் போடும்போது ஊர் மாறாமல் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் வரும் பிழை இது. இதனால்தான் நிலப் பயன்பாட்டையும் போக்குவரத்தையும் சேர்த்தே ஓட்டும் மாதிரிக் கணக்குகள் வந்தன. பால் வாடெல் என்பவர் உருவாக்கிய 'அர்பன்சிம்' அப்படிப்பட்ட ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் எங்கே குடியேறும், ஒவ்வொரு தொழிலும் எங்கே இடம் பிடிக்கும் என்று வருடா வருடம் நடத்திப் பார்க்கும் கணக்கு அது.

ஜனம் எங்கே போயிற்று?

நம் ஊர் எப்படி நகர்ந்தது என்பதைச் சென்சஸ் கணக்கு சொல்கிறது. 2001-இல் சென்னை மாவட்டத்தில் சுமார் 43.4 லட்சம் பேர். 2011-இல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் மூன்று லட்சம் கூடியது, நூற்றுக்கு ஏழு. அதே பத்து வருடத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 40 லட்சம் ஆயிற்று. பதினொரு லட்சம் கூடுதல், நூற்றுக்கு முப்பத்தொன்பது. திருவள்ளூர் மாவட்டமும் நூற்றுக்கு முப்பத்தைந்து கூடியது.

சென்னை நகரத்துக்குள் கடை வைத்திருந்தவருக்கு, ஊர் பெரிதாகிறது, வியாபாரம் பெருகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஊர் பெரிதானது உண்மை. பெரிதானது அவர் கடையைச் சுற்றி அல்ல, தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் அப்பால். ஜனத்தொகை மொத்தத்தைப் பார்த்து வியாபாரம் செய்தவர் ஏமாந்தார். நம் கடைக்கு நடக்கும் தூரத்தில் எத்தனை வீடு என்று பார்த்தவர் தப்பினார். பழைய தெருக்களில் வீடுகள் குடோன் ஆவதும், பிள்ளைகள் புறநகருக்குக் குடிபோவதும் நாம் கண்ணால் பார்த்ததே.

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்று அரசாங்கம் வரையறுத்த பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கினார்கள். ஐந்து மடங்கு! 

கணக்கில் விட்டுப்போனது எது?

கணக்கு சரியாக இருந்தாலும் அதில் ஏற்றும் சரக்கு சரியில்லை என்றால் விடை தப்பும். ஒரு அனுபவத்தைச் சொல்கிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு கணக்கெடுப்புக்காக எங்கள் பகுதிச் சாலையில் பையன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணினார்கள். காலை எட்டு மணிக்கு வந்தார்கள், இரவு எட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் லாரிகள் வருவதோ நடுராத்திரியில். சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புவது விடியற்காலை. எட்டு மணிக்கு மார்க்கெட்டின் பாதிப் போக்குவரத்து முடிந்துபோயிருக்கும். அந்த ஏட்டில் எங்கள் மார்க்கெட் ஒரு சாதாரண கடைத்தெரு போலப் பதிவாகியிருக்கும். பொறுப்பாக இருந்தவரிடம் சொன்னோம். "எங்களுக்குக் கொடுத்த நேரம் இதுதான் சார்" என்றார். அந்தப் பையன்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கேள்வித்தாள் எழுதியவருக்கு மார்க்கெட் எப்போது விழிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

இதைத் தவிர மூன்று விடுபடல்கள். முதலாவது, வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் மனிதர்கள் போனதையே கேட்கிறார்கள். மூட்டை போனதைக் கேட்பதில்லை. ஒரு மளிகைக் கடைக்கு வாரத்தில் எத்தனை தடவை சரக்கு இறங்குகிறது, வண்டி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தனியாக எடுத்தால் ஒழியக் கணக்கில் வராது. இரண்டாவது, பக்கத்துக் கடைக்கு நடந்து போவதை ஒரு பயணமாகவே பலர் சொல்வதில்லை. "நேத்து எங்கயும் போகலையே" என்பார் அம்மா. பால் வாங்க, கறிவேப்பிலை வாங்க இரண்டு தடவை போயிருப்பார். அந்த இரண்டு தடவைதான் நம் வியாபாரம். மூன்றாவது, அடிப்படை எண்கள் பழையவை. 2021-இல் நடக்க வேண்டிய சென்சஸ் குறித்த காலத்தில் நடக்கவில்லை. 2011 எண்ணை இழுத்து நீட்டிப் போடும் கணக்கில் புதுப் புறநகரும் காலியான பழைய தெருவும் சரியாகத் தெரியாது.

எந்தக் கணக்கும் எதிர்பாராததை முழுக்கச் சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடி, காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்கக் காய்கறி வண்டிகளின் திசை மாறிற்று. போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே சரக்கு கொடுப்பது வந்த பிறகு, வாடிக்கை கடைக்கு வரும் பயணம் குறைந்து, கடை வாடிக்கையிடம் போகும் பயணம் கூடியிருக்கிறது. பழைய கேள்வித்தாளில் இதற்குக் கட்டமே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

சென்னைக்கான இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது. அதன் காலம் 2026 வரை. அடுத்த திட்டத்துக்குப் போடும் கணக்குகள் நம் பிள்ளைகள் கடை நடத்தும் காலத்தைத் தீர்மானிக்கும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில், திட்டம் இறுதியாகுமுன் பொதுமக்கள் ஆட்சேபணையும் யோசனையும் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் "எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். எண்ணோடு போனால் அதற்கு எண்ணோடு பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும் செய்யக்கூடியவை:

1. வருடத்தில் இரண்டு முறை, ஒரு வாரம், வரும் வாடிக்கையை ஒரு நோட்டில் குறியுங்கள். எந்தத் தெரு, நடையா வண்டியா, காலையா மாலையா என்ற மூன்றே கட்டம் போதும். மாத முதல் வாரத்தில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

2. சரக்கு இறங்கும் நேரம், எவ்வகை வண்டி, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு தெருக் கடைகள் எல்லாம் சேர்ந்து எழுதினால் அது பெரிய சாட்சி.

3. கடையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எத்தனை வீடு, எத்தனை பூட்டிய வீடு, எத்தனை புதுக் கட்டடம் என்று வருடம் ஒருமுறை எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

4. சாலையில் வேலை நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பாலத்தை மட்டும் பார்க்காதீர்கள். தடுப்பு எங்கே, பாதசாரி கடக்கும் இடம் எங்கே, பஸ் ஸ்டாப் எங்கே போகிறது என்று பாருங்கள்.

5. புதுக் கடைக்கு முன்பணம் கொடுக்குமுன் மேலே போட்ட இரண்டு கடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை அச்சாக வராது. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்று காட்டும்.

சங்கத்தின் சார்பில் இந்த நோட்டுகளைத் தெருவாரியாகத் தொகுக்கலாம் என்பது எங்கள் யோசனை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்லாவில் காசை எண்ணும் நாம், கடை வாசலில் காலடியை எண்ணாமல் விட்டுவிட்டோம்.

அந்த மளிகைக் கடைக்காரர் ஒரு வாரம் நோட்டுப் போட்டார். பழைய கடன் சிட்டைகளில் இருந்த விலாசங்களோடு ஒத்துப் பார்த்தார். எதிர்ச்சாரித் தெருக்களிலிருந்து வருபவர்கள் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. தடுப்பில் ஆள் நடக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி வேண்டும், வேகத்தடையும் வெள்ளைக் கோடும் வேண்டும் என்று, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கையெழுத்தோடும் அந்த நோட்டின் நகலோடும் மனு கொடுத்திருக்கிறார். இதற்கு முன் ஒரு தடவை கொடுத்த மனுவுக்குப் பதிலே வரவில்லை. இந்தத் தடவை ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, நோட்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இடைவெளி இன்னும் வரவில்லை. நோட்டை அவர் நிறுத்தவும் இல்லை.